உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்று

1

மெல்பர்னில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே என் கணவர் சொன்னார்: "மஞ்சு, இந்த வாரத்துக்குள்ள டாக்டர்கிட்ட போயி, நீ உயிரோட இருக்கேன்னு ஒரு சான்று வாங்கிட்டு வந்துடு."

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. பதினாறு வருடமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெண் உயிரோடுதான் இருக்கிறாள் என்பதற்கு மனிதருக்கு மூன்றாம் ஆளின் கையெழுத்து வேண்டியிருந்தது. அதைக் கேட்கும்போது அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெண்ணெய் ஓரம்வரை போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க?" என்றேன்.

"ஊர்ல ஒரு ஆபீஸ் வேல. பட்டா மேட்டரு. தியாகு ஃபார்ம் அனுப்பிகீறான். உனக்கு அதெல்லாம் புரியாது. காட்டி சைன் மட்டும் வாங்கு."

தியாகு என் கொழுந்தன், இவருடைய தம்பி. சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கிறான். தொழிற்பேட்டைக்கு வேன் வைத்து ஆள் அனுப்புவது தொழில். மிச்ச நேரத்தில் மனை வியாபாரம். அண்ணன் இங்கே சொன்னால் தம்பி அங்கே செய்வான். இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு வேலை கையெழுத்துப் போடுவது மட்டும்தான்.

செங்கல்பட்டில் என்னோடு லேப் டெக்னீஷியன் படித்த தோழிகள், வெளிநாட்டு வாழ்க்கை எப்படி, எழுதேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குளிரைப் பற்றியும் கங்காருவைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கங்காருவை நான் இதுவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் சாலையோரம் செத்துக் கிடந்தவை. ஆகவே வீட்டுக்குள் நான் தினமும் பார்த்ததை எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டில் ஒரு நிதியமைச்சர் உண்டு. என் கணவருக்கு உறவினர்கள் வைத்த பெயர்; அவருக்கும் பிடித்துப்போன பெயர்.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறேன். காலை ஏழு மணிக்கு நின்றால் மூன்று மணிவரை உட்கார முடியாது. அந்தச் சம்பளம் கூட்டுக் கணக்கு என்ற ஒன்றில் விழும். கூட்டு என்பது பெயரளவில்தான். கடவுச்சொல் அவருடையது, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி அவர் கைபேசிக்கு, கடிதம் அவர் மின்னஞ்சலுக்கு. என்னிடம் இருந்தது ஒரு அட்டை. வாரா வாரம் அதில் அவர் கொஞ்சம் பணம் போடுவார், அமைச்சர் தொகுதிக்கு நிதி ஒதுக்குகிற முகத்தோடு.

வாங்கிய சாமானுக்கெல்லாம் ரசீது காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "தக்காளி போன வாரம் இவ்ளோ இல்லியே?" என்பார். தக்காளி விலைக்கும் நான்தான் பொறுப்பு. அவருடைய காருக்கான கடன் என் பெயரில் இருக்கிறது என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டது நான்தான். எதில் போட்டேன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊருக்கு விடுமுறையில் வந்தால் இதற்குப் பாராட்டு வேறு. செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அத்தை, "எல்லாத்தையும் அவனே பாத்துக்குறான். உனக்கு இன்னா கவல? குடுத்துவெச்சவ நீ" என்றார். நானும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் அத்தை மேல் வருவதைவிட என் மேல்தான் அதிகக் கோபம் வருகிறது.

என்ன குறை சொல்வது? மனிதர் குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. ஒரு பெண்ணின் கணவன் அடித்தால் அது கொடுமை என்று நம் ஊரில் இப்போதாவது ஒப்புக்கொள்கிறார்கள். அவள் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காசு எண்ணிக் கொடுத்தால் அவனுக்குப் 'பொறுப்பான குடும்பத் தலைவர்' என்று பெயர்.

எங்கள் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் வேண்டியிருந்தபோது என்னைத் தாண்டி நேராக அவரிடம் போனாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அவளுடைய பாதித் தமிழில், கோபமே இல்லாமல் சொன்னாள்: "உன்கிட்ட கேட்டா நீ அப்பாகிட்ட கேளுன்னு சொல்வே. டைம் வேஸ்ட் தானே?" பிள்ளைகள் நம் மொழியை மறந்துவிடுகிறார்கள் என்று புலம்புகிறவர்கள் இந்த வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். இலக்கணத்தில் தப்பே இல்லை.

3

டாக்டர் லின் எங்கள் பகுதி மருத்துவர். என்னைவிட இளையவர். தியாகு அனுப்பிய படிவத்தை நீட்டி, நான் உயிரோடு இருப்பதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

"என் கணவருக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவர் வேறு நாட்டில் இருக்கிறாரா?"

"இல்லை. வீட்டில்தான் இருக்கிறார்."

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக, வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு பூட்டு போட்டிருக்கிறோம், அலாரமும் உண்டு என்று பதில் சொன்னேன். பதினோரு வருடம் ஆங்கிலத்தில் பிழைத்தவளின் லட்சணம் இது. அவர் கேட்டது எதைப் பற்றி என்று பேருந்தில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. "படிவம் உங்கள் மொழியில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட முடியாது. ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றார்.

அதனால்தான் அதை நான் படித்தேன். என் வாழ்க்கையில் என் பெயர் போட்ட ஒரு காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தது அன்றைக்குத்தான், அதுவும் வேறொருவருக்காக. மேற்படி பொது அதிகாரப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் இன்றைய தேதியில் உயிருடன் இருக்கிறார். சரி. திருப்போரூரில் உள்ள கீழ்க்கண்ட மனையின் கிரயப் பத்திரத்தை அவருடைய அதிகார முகவர் பதிவு செய்யும் பொருட்டு இது வழங்கப்படுகிறது.

கிரயம் என்பதற்கு ஆங்கிலத்தில் 'விற்பனை' என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது.

"எதை விற்கிறீர்கள்?" என்றார் டாக்டர்.

"நான் எதையும் விற்கவில்லை" என்று சொல்லி, படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

4

அந்த மனை ஐந்து சென்ட். திருப்போரூர் முருகன் கோயிலிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். வழியெல்லாம் கொடி நட்டு, பலகை வைத்து விற்கிறார்களே, அந்த வகைதான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நான்கு கல், நடுவில் கருவேலம் முளைத்திருக்கும்.

ஆனால் அம்மாவைப் பெற்றவர்கள் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் வம்சத்தில் யார் பெயரிலும் ஒரு குழி நிலம் இருந்ததில்லை. அம்மா கல்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து, முப்பது வருடம் சோதனைக் குழாய் கழுவினாள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகை முழுவதையும் இந்த மனையில் போட்டு என் பெயரில் எழுதினாள். தனக்கு வீடு வாங்கிக்கொள்ளவில்லை. இன்றும் மாமல்லபுரத்தில் வாடகைக்குத்தான் இருக்கிறாள். அன்று ஏன் என்று கேட்டேன். "உன் பேர்ல ஒரு எடம் இருக்கட்டும். அவ்ளோதான்" என்றாள்.

அதைத்தான் நான் ஒரு மத்தியான வேளையில் தூக்கிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் பெட்டி கட்டுவதோடு, ஊறுகாய் வாங்குவதோடு, பவர், அதாவது அந்தப் பொது அதிகாரப் பத்திரம், எழுதிக்கொடுப்பதும் ஒரு சடங்கு. விமானம் ஏறுகிற அன்று, பெட்டிகள் காரில் இருக்க, பதிவு அலுவலகத்தில் நிறுத்தினார்கள். "அங்க போயிட்டா வரி கட்டறது, வேலி போடறது எல்லாத்துக்கும் நீ பறந்து வந்துகினு இருப்பியா? தியாகு பேர்ல ஒரு பவர் போட்டுடு" என்றார் கணவர். இடுப்பில் யாழினி, வெயில், அழுகை. பத்துப் பக்கம் இருந்தது. புகைப்படம் எடுத்தார்கள், ரேகை வைத்தேன், படித்தீர்களா என்று கேட்டதற்குப் படித்தேன் என்றேன். வரி கட்ட, வேலி போட என்ற இரண்டோடு, விற்க, அடமானம் வைக்க, தானம் கொடுக்க என்றும் அதில் இருந்தது. அலுவலகத்தைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கேட்டார்கள், நான்தான் பொய் சொன்னேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இன்றைக்கும் பெட்டியோடு பதிவு அலுவலகத்துக்குப் போகிறீர்கள் என்றால், ஒரு விமானம் தவறினாலும் பரவாயில்லை, பத்துப் பக்கத்தையும் படியுங்கள். வரி கட்டுவதற்கு மட்டும் என்று தனிப் பவர் எழுத முடியும். அதைக் கேட்டால் "எங்க மேல நம்பிக்க இல்லியா?" என்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்கு நிச்சயம் கொடுக்காதீர்கள்.

5

வேலை இடத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா மஞ்சு, மனைய விக்கப் போறீங்களா? தெரிஞ்ச பொண்ணு பாத்துட்டு வந்து சொல்லுது. நாலு பேரு டேப்பு வெச்சி அளந்துகினு கீறாங்களாம். உன் கொழுந்தன் நின்னுகினு இளநி வாங்கிக் குடுக்குறானாம்."

"எனக்குத் தெரியாதும்மா."

அம்மா டிவியை நிறுத்துவது கேட்டது. பிறகு, "உனக்குத் தெரிஞ்சி விக்கிறேன்னு நெனச்சிதான் நான் உனக்குப் போன் போடல" என்றாள். "உன் பேர்ல கீது. நீ வித்தா நான் இன்னா கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

அதைக் கேட்டு, கையுறையோடு அங்கேயே நின்று அழுதேன். பிறகு அம்மாவே விசாரித்துச் சொன்னாள். மனை விற்ற பணம் கோவளத்தில் கடல் தெரிகிற ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறது. அது அண்ணன், தம்பி இருவர் பெயரில். வாங்குகிறவரிடம் முன்பணமும் வாங்கி அங்கே கட்டியாகிவிட்டது. பதிவு அடுத்த வெள்ளிக்கிழமை. குறை இருந்தது ஒன்றே ஒன்று, நான் உயிரோடு இருப்பது. பவர் வைத்து விற்கும்போது கொடுத்தவர் இன்னும் இருக்கிறார் என்று புதிய சான்று கேட்கிறார்கள். செத்தவர்கள் பெயரில் விற்பவர்களைத் தடுக்கப் போட்ட விதி. என்னைப்போல் இருந்தும் இல்லாதவளுக்கு உதவியது.

6

வீட்டில் நான் உடனே சண்டை போடவில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன். முன்பு பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இப்போது வேலை முடியும்வரை மூடிக்கொண்டேன்.

முதலில் ஒரு புதிய சிம். இருந்த எண் அவருடைய குடும்பத் திட்டத்தில் இருந்தது. யாரோடு எத்தனை நிமிடம் பேசினேன் என்பது அவருக்கு மாதா மாதம் பட்டியலாக வரும். பிறகு ஒரு புதிய மின்னஞ்சல். அந்த இரண்டையும் கொடுத்து வேறொரு வங்கியில் என் பெயரில் மட்டும் ஒரு கணக்கு. பிறகு சம்பளப் பிரிவில் இருந்த பெண்ணிடம் போய், அடுத்த மாதத்திலிருந்து பணம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்றேன். அவள் எண்ணைத் தட்டிவிட்டு, "வேறு ஏதாவது?" என்றாள். பதினாறு வருடமாக மலையென்று நினைத்தது இரண்டு நிமிட வேலை.

கடவுச்சீட்டு, திருமணச் சான்று, மனைப் பத்திரம், காரின் கடன் காகிதம் எல்லாவற்றையும் படம் எடுத்து அம்மாவுக்கும் ஒரு தோழிக்கும் அனுப்பினேன். என் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று, கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். மனைக்கு வில்லங்கச் சான்றை இணையத்தில் போட்டுப் பார்த்தேன். அது இன்னும் என் பெயரில்தான் இருந்தது. கை ஓங்கும் கணவன் என்றால் இதையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். முதலில் வெளியில் ஒருவருக்குச் சொல்லுங்கள், போய் இறங்க ஒரு இடம் பார்த்து வையுங்கள்.

பவரை ரத்து செய்ய இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஓடினேன். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று ஒரு முறை திருப்பினார்கள், பின்னணி வெள்ளையில்லை, சாம்பல் என்று ஒரு முறை. கணவர் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டதற்கு இன்னொரு முறை. அவரிடமிருந்து என் நிலத்தைக் காப்பாற்றும் காகிதத்திலும் அவர் பெயரை என் கையாலேயே எழுதினேன். அது ஊர் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்கு உதவாது. ஆகவே திருப்போரூர் பதிவு அதிகாரிக்கு ஆட்சேபக் கடிதம் ஒன்று எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன்.

இதற்கிடையில் தினமும் காலையில் சான்று எங்கே என்று கேட்பார். ஒரு நாள், "டாக்டருக்குச் சந்தேகமா இருக்காம். இன்னும் கொஞ்சம் டெஸ்ட் பண்ணணுமாம்" என்றேன்.

"இதுல இன்னா சந்தேகம்?"

"நான் உயிரோட இருக்கேனான்னுதான்."

அவருக்கு அது கிண்டல் என்றுகூடப் புரியவில்லை. வேறு டாக்டரைப் பார் என்றார். இந்த அறிவை நம்பித்தான் நான் என் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

7

வெள்ளிக்கிழமை அம்மா மாமல்லபுரத்திலிருந்து முதல் பேருந்து பிடித்துத் திருப்போரூர் போய், பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பத்தரைக்கு தியாகு வந்தான். வாங்கறவரு, பத்திரம் எழுதறவரு எல்லாம் கூட. என்னப் பாத்ததும், 'அத்தே, நீங்க எங்க இங்க?'ன்னான். மொகம் செத்துப்போச்சி. எங்கியோ காசு குடுத்து ஒரு சான்று எழுதிகினு வந்துகீறான் போல, பாக்கெட்ட தொட்டுத் தொட்டுப் பாக்கறான். நான் நேரா உள்ள போயி உன் லெட்டர ஆபீசர் கையில குடுத்தேன். அவரு படிச்சிட்டு, 'பவர் குடுத்தவங்க உயிரோட இருக்காங்களா?'ன்னு தியாகுவ கேட்டாரு. அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். 'என் பொண்ணு நல்லா கீறா சார். ஆனா சான்று தரமாட்டா'ன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. அவன் பாக்கெட்டுல இருந்தத வெளிய எடுக்கவே இல்ல. ஆபீசரு முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. வாங்க வந்தவரு தியாகு சட்டையப் புடிக்காத கொறை. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துட்டேன்."

எழுபத்திரண்டு வயதில் தனியாகப் போய் அங்கே நின்ற அவளிடம் பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயமாத்தான் இருந்தது. கால் நடுங்கிச்சி. அதான் ஒக்காந்துகினேன்" என்றாள்.

8

அன்று மாலை வீட்டில் என் கணவர் பேசியதை நீட்டி எழுதப் போவதில்லை. குடும்பத்துக்காகத்தானே செய்தேன் என்றார். கோவளம் வீட்டில் நீயும்தானே இருக்கப் போகிறாய் என்றார். என் பெயர் ஏன் அதில் இல்லை என்று கேட்டதற்கு, "என் பேர் இருந்தா உன் பேர் இருந்த மாதிரிதானே?" என்றார். அப்படியானால் மனையில் என் பெயர் இருந்ததை உங்கள் பெயர் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்றேன். அவர் மேசையில் இருந்த ரசீதுகளை எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அவ்வளவு சின்ன ஆளாக இருந்தார்.

மறுநாள் என் அட்டைக்கு வரும் பணம் நின்றது. கடையில் பாலும் ரொட்டியும் எடுத்து நீட்டினால் அட்டை வேலை செய்யவில்லை. தண்டனையாம். சம்பள நாள்வரை தோழி ஒருத்தியிடம் கைமாற்று வாங்கினேன். சம்பளம் புதிய கணக்கில் விழுந்த அன்று அந்த அட்டையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டேன். அதை எடுத்து வைத்துக்கொள்வதா, விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது.

இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். போவதா, இருப்பதா என்று முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய இப்போது கையில் பணம் இருக்கிறது, அதனால் அவசரமும் இல்லை. ரத்துப் பத்திரம் பதிவாகிவிட்டது. உறவினர்கள் என்னோடு பேசுவதில்லை. அவருடைய அத்தை மட்டும் போன் செய்து, இவ்வளவு விவரமானவள் என்று தெரியாமல் போயிற்றே என்றார். விவரம் என்பதை வசவாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

போன வாரம், காலையில் வேலைக்குக் கிளம்பி ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். கணவர் வந்து எதிரில் நின்றார். மனை வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறாராம். கோவளத்துக்காரர்கள் கட்டியதைத் தரமாட்டார்களாம். தியாகு வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறார்களாம். சொல்லி முடித்துவிட்டு, போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மஞ்சு, உன் சம்பளத்துக்கு லோன் தருவாங்க. கொஞ்சம் போட்டுத் தரியா?"

குரல் அவ்வளவு தாழ்ந்து வந்தது. பதினாறு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் பணம் கேட்டதே இல்லை, எடுத்துக்கொள்வார். இவருக்குக் கேட்கவும் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தரமாட்டேங்க என்று சொல்லிவிட்டு, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.